சேதி வராத வீட்டுக்கு வந்த சோறு

1976 மே மாதம். வட இத்தாலியில் நிலநடுக்கம் என்று பேப்பரில் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. ஆவடிக்குப் பக்கத்தில் வெள்ளானூரில் மருந்தகம் நடத்தும் கன்னியாஸ்திரி சிஸ்டர் லூசியாவின் ஊர் அந்தப் பக்கம்தான். அவருடைய வயதான தாயார் அங்கே தனியாக இருந்தார்.

சிஸ்டர் தந்தி கொடுத்தார். பதில் இல்லை. ஆனாலும் தினமும் மருந்தகத்தைத் திறந்து ஊசி போட்டார், புண்ணுக்குக் கட்டுப் போட்டார். சாப்பாட்டை மட்டும் தொடவில்லை.

பிரசவத்தில் வலிப்பு வந்த என் மனைவியைப் பிழைக்க வைத்தவர் அவர். அவருக்கு நான் என்ன செய்ய முடியும்? இத்தாலி எங்கே, நான் இருக்கும் ஆவடி தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் எங்கே? முழந்தாளிட்டேன். "ஆண்டவரே, என் பிள்ளையின் தாயைக் காத்தவருடைய தாயைக் காத்தருளும்" என்று கேட்டேன். திடமான நம்பிக்கையோடு கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். இடிபாடுகளின் படங்களைப் பார்த்திருந்தேன்.

சிஸ்டர் பட்டினி கிடப்பது ஊருக்குள் தெரிந்துவிட்டது. கட்டட வேலைக்குப் போகும் முனியம்மா, பக்கத்து வீட்டு ரஞ்சிதத்தையும் கூட்டிக்கொண்டு சோறும் குழம்புமாக மருந்தகத்துக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். சாவு வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்தார்தான் சமைத்து எடுத்துப் போவார்கள் என்பது இங்கே பல ஆண்டுகள் வாழ்ந்த சிஸ்டருக்குத் தெரியும். பாத்திரங்களைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது.

"அம்மா போயிட்டாங்களா? யாருக்குச் சேதி வந்தது?"

முனியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐய, வாயக் கழுவு சிஸ்டரு! சேதி ஒண்ணும் வர்ல. நீ துன்னாம கீறியாமே, அதான் எட்தாந்தோம்."

"எழவு ஊட்டுக்குப் போறாப்ல கீதுன்னு அப்பவே சொன்னேன், கேட்டியா?" என்றாள் ரஞ்சிதம்.

"சும்மா இருடி. சிஸ்டரு, நீ படுத்துக்கினா எங்களுக்கு யாரு ஊசி போடறது? உன் மாமியாரா?"

சிஸ்டர் அழுதுகொண்டே சிரித்துவிட்டார். சாப்பிட்டார். பிறகு எல்லோரும் சேர்ந்து வேண்டினோம். முனியம்மா தன் மாரியாத்தாளிடமும் சொல்லிவைத்தாள்.

அந்த வாரமே தந்தி வந்தது. தாயார் உயிரோடு இருக்கிறார்!

விவரம் பிறகு கடிதத்தில் தெரிந்தது. இடிந்த சமையலறையிலிருந்து அவரைத் தோண்டி எடுத்தவர்கள் ஆஸ்திரியப் படைவீரர்கள். அந்தத் தாயாரின் தகப்பனார் முதல் உலகப்போரில் அந்த நாட்டோடு சண்டையிட்டு மாண்டவர். அந்த நாட்டுக்காரர் பேசும் மொழி காதில் விழுந்தாலே எழுந்து போய்விடுகிற அம்மா, இப்போது அவர்கள் போட்ட கூடாரத்தில் இருந்தார். அந்தப் பையன்களுக்காகச் செபிக்கும்படி மகளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்.

வெளிநாட்டுச் செய்திகளைப் படிக்காமல் புரட்டிவிடுகிறவனாக இருந்தேன். ஆண்டவர் அதை மாற்றினார். அதே ஆண்டு சீனாவில் நிலநடுக்கம் வந்தபோது எங்கள் வீட்டுச் செபத்தில் அந்த மக்களுக்காக வேண்டினோம். "சீனாக்காரனுக்குமா மச்சான்?" என்று தொழிற்சாலையில் கூட்டாளி கேலி செய்தார். ஆமாம் என்றேன்.

சகோதரரே, நம் கை எட்டாத ஊரிலும் ஆண்டவருக்கு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாராக இருக்க வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. நம்பிக் கேளுங்கள். நான் கேட்டேன், ஒரு தாய் பிழைத்தார். ஆண்டவருக்கே நன்றி.