மஞ்சள் நாடாவில் நின்றவர்

ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்பவருக்கு எலியண்ணன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பதினெட்டு வருஷம் வஞ்சனையில்லாமல் குடித்தவர். குடியை விட்டு நாலு வருஷமாகியும் போன ஞாபகம் போனதுதான். போன வாரம் மகள் போனில் கேட்டாள், "என் பொண்ணு ஸ்கூல் வாசல்ல ஒரே அழுகைப்பா. நானும் முதல் நாள் இப்படித்தான் அழுதேனா?" மகள் பள்ளிக்குப் போன வருஷங்களில் ஒரு நாள்கூட அவர் தலையில் மிச்சமில்லை. "அப்புறம் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டார்.

கூடத்தின் நடுவே வட்டத் தொட்டி. வெள்ளைச் சாயம் கலந்த தண்ணீர், அதற்கடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னத் திட்டு. வாரக்கணக்கில் சாராயம் கொடுக்கப்பட்டு மறதி பிடித்த எலிகளை அதில் நீந்தவிடுவார்கள். சாராயத்துக்குப் பிறகு வெறும் தண்ணீர் மட்டும் குடித்தவை திக்குத் தெரியாமல் சுற்றின. வல்லாரைச் சாறு குடித்தவையோ, எங்கே விட்டாலும் நூல் பிடித்த மாதிரி போய்த் திட்டில் ஏறி மீசையைத் துடைத்துக்கொண்டன. எலியண்ணனுக்கு உடம்பு சிலிர்த்தது. தன்னைப் போலக் குடித்துக் கெட்ட ஜீவன்களுக்கு இப்படியும் ஒரு வழி உண்டா என்று நாள் தவறாமல் வாயைப் பிளந்து பார்த்தார். இன்று ஆசை மீறி, ஒரு சாறு புட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மாட்டினால் வேலைக்கு உலைதான்.

அந்தப் பதற்றத்தில், தினமும் தான் நிற்கும், திட்டுக்கு நேராக மஞ்சள் நாடா ஒட்டிய இடத்தை விட்டுத் தொட்டிக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றுவிட்டார். சாறு குடித்த முதல் எலி, திட்டு இருந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவரை நோக்கி நீந்தி வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.

ஆராய்ச்சி நடத்தும் டாக்டரம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"அண்ணே, இதுங்க உங்களைத்தான் அடையாளம் வச்சிருக்குதுங்க. நீங்க நிக்கிற பக்கம் கரைன்னு."

"அப்ப சாறு வேலை செய்யலையாம்மா?"

"உங்களை ஞாபகம் வச்சிருக்குதுங்களே, அதுவே பெருசு. மனுஷனுக்குக் கேக்குமான்னு நமக்கு இன்னும் தெரியாது. நாளையிலிருந்து திரைக்குப் பின்னால நில்லுங்க. முதல்லேருந்து ஆரம்பிப்போம்."

எலியண்ணன் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். டாக்டரம்மா புட்டியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

மத்தியானம் மகளுக்குப் போன் போட்டார். "நீ அழுதியான்னு எனக்கு ஞாபகம் இல்லம்மா. குடிச்சுக் குடிச்சு எல்லாம் போச்சு." வெட்கத்தை மறைக்க எலிக்கதையையும் சொன்னார்.

"முதல் நாள் எனக்கும் ஞாபகமில்லப்பா" என்றாள் மகள். "ஆனா ஸ்கூல் விட்டா எதிர்ல அந்த நீலத் தபால் பெட்டியைப் பிடிச்சுக்கிட்டு நிப்பீங்க. தள்ளாடிக்கிட்டாவது நிப்பீங்க. எனக்கு வழியெல்லாம் தெரியாது. நீங்க நிக்கிற பக்கம்தான் வீடுன்னு வருவேன்."

"தினமுமா?"

"ஒரு நாள்கூடத் தவறினதில்ல."

எலியண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.

"பெட்டி என்ன நிறம்னு சொன்னே?"

"நீலம்ப்பா."

உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.