ஜூராகான் நடத்திய கல்யாண பார்

கரகோல் பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருப்பது ஜூராகானின் குரல்தான். தலைநகரான பிஷ்கெக்குக்குப் போகிற வேன்களை வரிசைப்படுத்துவது, முறை தாண்டி ஆள் ஏற்றுகிறவனைப் பிடித்து நிறுத்துவது, சாராய வாடை அடிக்கிற டிரைவரை வண்டியை விட்டு இறக்குவது எல்லாம் அவள் வேலை. கணவாயில் பனி கொட்டினாலும் அசராத டிரைவர்கள், அவள் ஜன்னல் கதவு திறந்தால் சிகரெட்டை மறைப்பார்கள்.

வீட்டில் கதை வேறு. அங்கே அவள் கணவனின் அண்ணன் ஷார்ஷென் வைத்ததுதான் சட்டம். கணவன் காதிர் லாரி மெக்கானிக். அப்பா போன பிறகு எதற்கும் அண்ணன் முகத்தைத்தான் பார்ப்பான். அந்த வீட்டு மருமகளாக வந்தவள் என்பதால், ஷார்ஷெனின் பெயரைக்கூட ஜூராகான் வாய்விட்டுச் சொன்னதில்லை. நேரில் மாமா, மறைவில் பெரியவர்.

ஜூராகானின் மூத்த மகன் கல்யாணத்தை நடத்தியவரும் பெரியவர்தான். கை நிறைய வாங்கிப் போட்டார். ஒவ்வொரு மேஜையிலும் வோட்கா பாட்டில்கள் வேலி மாதிரி நின்றன. பாதி குடலுக்குள் போனது, மீதி விருந்தாளிகளின் கோட்டுக்குள் போனது. கறி வருவதற்குள்ளேயே இரண்டு வீட்டு ஆட்களும் கைகலந்துவிட்டார்கள். எங்கிருந்தோ பறந்த தட்டு, பெண்ணின் அப்பா தஷ்தானின் புருவத்தைப் பிளந்தது. மேஜைத் துணியைச் சுருட்டி அந்தக் காயத்தை அழுத்திப் பிடித்தவள் ஜூராகான். தஷ்தான் அவள் கையை விலக்கிவிட்டு வெளியே நடந்தார். அதோடு சரி. பேரன் பிறந்தபோதும் அவர் வாசல் மிதிக்கவில்லை. மருமகள் நூர்ஜாத் விடுமுறைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாகவே அப்பா வீட்டுக்குப் போய் வருவாள். திரும்பி வந்த அன்று மட்டும் யாரோடும் பேசமாட்டாள்.

இப்போது இளையவன் பெக்தூருக்குக் கல்யாணம். மண்டபம், பாட்டுக்காரர், குதிரைக்கறி எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. குடி மட்டும் பாக்கி. ஷார்ஷென் டீயை உறிஞ்சியபடியே தீர்ப்புச் சொன்னார்.

"மேஜைக்கு நாலு வோட்கா, ரெண்டு கோன்யாக் பிராந்தி. அதுக்குக் கீழ எறங்குனா ஊர் சிரிக்கும்."

"போன தடவை ஊர் சிரிக்கல மாமா. ஆம்புலன்ஸ்தான் வந்துச்சு," என்றாள் ஜூராகான்.

ஷார்ஷென் கிண்ணத்தைக் கீழே வைத்தார். இந்த வீட்டில் அவள் குரல் இப்படி வந்து அவர் கேட்டதில்லை. அவள் நிறுத்தவில்லை.

"கடன் வாங்காம எங்களால முடியறது இவ்வளவுதான். மேஜைக்கு ஒரு வோட்கா, ஒரு ஒயின் வைப்போம். வாழ்த்துச் சொல்லி கிளாஸ் தூக்க அது போதும். மத்தத ஓரமா ஒரு பார் போட்டு அங்க வைப்போம். ஆள் வந்து கேட்டா ஊத்துவோம், தேவைப்பட்டாத்தான் அடுத்த பாட்டில் திறப்போம். திறக்காத பெட்டியத் திருப்பி எடுத்துக்கறேன்னு கடைக்காரர் ஒத்துக்கிட்டாரு."

"வந்தவன் கிளாஸத் தூக்கிக்கிட்டு வரிசையில நிக்கணுமா? இதென்ன உன் பஸ் ஸ்டாண்டா?"

"நிக்கட்டுமே மாமா. நிக்க முடியறவனுக்குக் குடுப்போம். முடியாதவனுக்கு டீ குடுப்போம்."

"அப்படின்னா என்ன விட்டுருங்க. நான் வரல."

வழக்கமாக இந்த இடத்தில்தான் காதிர் அண்ணனைச் சமாதானப்படுத்துவான். அன்று அவன் விரலில் ஒட்டியிருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டே தரையைப் பார்த்துச் சொன்னான்: "இந்தத் தடவை அவ பாத்துக்கட்டும்ணே."

ஷார்ஷென் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஜூராகான் கணவனுக்கு இன்னொரு கிண்ணம் டீ ஊற்றினாள். அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் படவில்லை.

மண்டபத்தில் ஏற்கெனவே ஊற்றித்தர ஓர் ஆள் இருந்தான். காலியாகும் பாட்டிலுக்கு இவ்வளவு என்று அவனுக்குக் கமிஷன். அவன் வேண்டாம் என்றாள் ஜூராகான். பனிச்சறுக்கு விடுதியில் வேலை பார்த்த ரெனாத் என்கிற தாதார் இன இளைஞனைப் பிடித்தாள்.

"ஊத்துனாலும் ஊத்தாட்டியும் உனக்கு ஒரே கூலிதான் தம்பி."

"அப்படின்னா நான் மெதுவாத்தான் ஊத்துவேன்க்கா."

"அதுக்குத்தானே உன்னக் கூப்பிடறேன்."

சமையல்காரரிடம் போய், வெறும் வயிற்றில் யாரும் வாழ்த்துரை கேட்கக் கூடாது, கறியும் மாவுப்பட்டையும் முதலில் வரவேண்டும் என்றாள். அவர் முணுமுணுத்தார். பெஷ்பர்மாக் என்கிற அந்தக் கறிச்சாப்பாடு கடைசியில் வருவதுதானே முறை என்றார். முறைப்படி நடந்த கல்யாணத்தின் லட்சணத்தை அவருக்கு எடுத்துச் சொன்னாள். சரி என்றார்.

பிறகு தஷ்தானின் ஊரான ஆக்சூவுக்குத் தனியாக வேன் ஏறினாள். தஷ்தான் தொழுவத்தில் இருந்தார். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"தழும்பு இன்னும் இருக்கு சம்பந்தி," என்றார் புருவத்தைத் தொட்டு.

"தெரியும். அந்த ரத்தம் என் கையிலதான் பட்டுச்சு. அன்னைக்கு நான் வாய மூடிக்கிட்டு நின்னேன். இப்ப பாட்டில் சாவி என்கிட்ட இருக்கு. உங்க மேல ஒரு துளி சிந்தாது. அதுக்கு நான் பொறுப்பு."

அவர் வைக்கோலை அள்ளிப் போட்டார். "பாக்கலாம்," என்றார்.

கல்யாண நாளில் தஷ்தான் வந்தார். மனைவியோடு, கோட்டைக் கழற்றாமல், கதவுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தார். நூர்ஜாத் அப்பாவைப் பார்த்ததும் கையிலிருந்த ரொட்டிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் ஓடினாள்.

பாரைப் பார்த்து முதலில் எல்லாரும் முகம் சுளித்தார்கள். பிறகு இளவட்டங்கள் போய் நின்றார்கள். ரெனாத் எலுமிச்சைத் துண்டு செருகிக் கொடுக்கிற அழகைப் பார்த்து, பெரியவர்களும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். போகிற வழியில் நாலு பேரிடம் நின்று பேசினார்கள், ஒரு ஆட்டம் ஆடினார்கள். வயிற்றில் கறி இருந்ததால் ஒருவருக்கும் நாக்குக் குழறவில்லை.

வரமாட்டேன் என்ற ஷார்ஷெனும் வந்துவிட்டார். ஏழாம் மேஜையில் கூட்டாளிகளோடு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ரெனாத் கண்ஜாடை காட்டி ஜூராகானைக் கூப்பிட்டான்.

"அக்கா, நான் ஊத்தாமலே ஏழாம் மேஜையில வோட்கா பெருகுது."

எட்டிப் பார்த்தாள். மேஜைத் துணிக்கு அடியில் இரண்டு பெட்டி. காரில் கொண்டுவந்திருக்கிறார். அந்த மேஜையில் குரல்கள் உயரத் தொடங்கியிருந்தன. கதவுப் பக்கம் தஷ்தானின் மனைவி கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தஷ்தான் கோட்டுப் பொத்தான்களைப் போட ஆரம்பித்தார்.

போய்க் கெஞ்சினால் ஷார்ஷென் கத்துவார். கத்தினால் போன தடவை மாதிரிதான். பெயர் சொல்லிக் கூப்பிடவும் முடியாது. ஜூராகான் நேராக மேடைக்குப் போய், நிகழ்ச்சி நடத்துகிறவர் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். அவளுக்குத் தெரிந்த ஒரே மைக் பேச்சு வாயில் வந்தது.

"பயணிகள் கவனத்துக்கு. ஏழாம் மேஜைக்கு அடியில ரெண்டு பெட்டி லக்கேஜ் இருக்கு. அளவுக்கு மேல லக்கேஜ் உள்ள விடறதில்ல. உரியவர் பார்ல ஒப்படைச்சிட்டு, வண்டி கிளம்பறப்ப வாங்கிக்கலாம்."

டிரைவர்கள் உட்கார்ந்திருந்த மேஜையிலிருந்துதான் முதல் சிரிப்பு வெடித்தது. பிறகு கூடமே குலுங்கியது. மணப்பெண் முக்காட்டுக்குள் குலுங்கினாள். ஷார்ஷெனின் கூட்டாளிகளே மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். ஷார்ஷெனின் முகம் சிவந்தது, இறுகியது, கடைசியில் உதட்டோரம் தானாகக் கோணியது.

ஜூராகான் மைக்கைக் கொடுத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"லக்கேஜுக்குச் சீட்டு குடுப்பியா?" என்றார்.

"குடுக்கறேன் மாமா."

அவர் பெட்டிகளைக் காலால் வெளியே தள்ளினார். காதிர் வந்து தூக்கிக்கொண்டு போனான்.

கதவருகே தஷ்தான் எழுந்து நின்றிருந்தார். போட்ட பொத்தான்களைக் கழற்றி, கோட்டை நாற்காலியில் மாட்டினார். பாருக்குப் போய் இரண்டு சின்னக் கிளாஸ் வாங்கிக்கொண்டு ஏழாம் மேஜைக்கு நடந்தார்.

"ஷார்ஷென், அன்னைக்குத் தட்டு வீசுனது யாருன்னு எனக்கு இன்னும் தெரியாது."

"எனக்குத் தெரியும். எங்க சித்தப்பா மகன். இன்னைக்கு அவனைக் கூப்பிடல," என்றார் ஷார்ஷென். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அப்பவே உங்க வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கணும்," என்றார்.

இருவரும் ஆளுக்கு ஒரு கிளாஸ் குடித்தார்கள். ஒன்றே ஒன்று. பாட்டுக்காரர் ஆட்டப் பாட்டை எடுத்ததும் இரண்டு பெரியவர்களும் தோளைக் குலுக்கிக்கொண்டு நடுவில் இறங்கினார்கள். நூர்ஜாத்தின் மகன் தாத்தாவின் காலைக் கட்டிக்கொண்டு ஆடினான். ஜூராகான் பார் மேஜையில் முழங்கை ஊன்றி நின்று பார்த்தாள். ரெனாத் அவள் முன் ஒரு கிளாஸ் ஒயினை வைத்தான்.

"இது கணக்குல வராதுக்கா."

"வரட்டும்," என்று எடுத்துக் குடித்தாள்.

மறுநாள் பாதிப் பெட்டிகளுக்கு மேல் திறக்காமலே கடைக்குத் திரும்பிப் போயின. வந்த காசில் பெக்தூரும் அவன் மனைவியும் துணி துவைக்கிற மெஷின் வாங்கிக்கொண்டார்கள். மார்க்கெட்டில் பெண்கள் ஜூராகானை வழிமறித்து, ரெனாத்தின் நம்பர் கேட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தஷ்தான் ஆடு வெட்டி எல்லாரையும் அழைத்தார். ஷார்ஷெனின் காரில் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். வழி முழுக்க நூர்ஜாத் வாய் ஓயாமல் பேசினாள். தஷ்தான் வாசலில் காத்திருந்தார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும், வீட்டின் மதிப்புக்குரிய பெண்ணுக்கு வைக்கிற வாலடிக் கறியைத் தட்டில் எடுத்து, சுற்றிலும் ஒருமுறை பார்த்து, ஜூராகானின் முன்னால் வைத்தார்.

"சாப்பிடுங்க சம்பந்தி."

ஷார்ஷென் கத்தியைத் துடைத்து அவளிடம் நீட்டினார். எல்லார் முன்னிலையிலும், கொஞ்சமும் அவசரப்படாமல், ஜூராகான் அந்தக் கறியை எலும்பு வெளுக்கும்வரை சாப்பிட்டாள்.