ஏழு வகை ஹையா

ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லோருக்கும் அவர் பாப்பா. வயது ஐம்பத்தாறு, முட்டிவலி வேறு. கார்ட்டூன்களிலும் விளம்பரங்களிலும் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குக் குரல் கொடுப்பது பிழைப்பு. முப்பது வருடமாக அவர் அதிகம் சொன்ன சொல், ஹையா.

அதை வாய்க்கு வந்தபடி சொல்லிவிட முடியாது. பள்ளிக்கூடம் லீவு என்றால் 'ஹை'யில் அழுத்தம். பிஸ்கட்டைக் கண்டால் 'யா' நீள வேண்டும். கம்பெனிக்காரர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நீளும். எப்படிச் சொன்னாலும் கண்ணாடிக்கு அப்பாலிருந்து "ஒன் மோர்" என்பார்கள். மறுபடி சொல்ல வேண்டும். இப்படி ஏழு வகை கைவசம் இருந்தன. ஏழாவதை லேசில் எடுக்கமாட்டார். மூச்சிரைக்க ஓடிவந்து சொல்வது அது.

"இந்த வார்த்தை எங்கேர்ந்துக்கா வந்துச்சு?" என்று சவுண்ட் இன்ஜினியர் ஒருநாள் கேட்டார்.

"ஊருக்கு எங்கேர்ந்து வந்துச்சோ, யார் கண்டா. எனக்கு என் வீட்டு வாசல்லேர்ந்து வந்துச்சு."

மகளுக்கு அப்போது நாலு வயது. இவர் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடிவந்து, "ஹையா, அம்மா!" என்பாள். அதைத்தான் அப்படியே தூக்கிக்கொண்டு போய் விற்றார். அந்த மகள் இப்போது வங்கி மேலாளர். எவ்வளவு பெரிய சந்தோஷம் என்றாலும் "ஓகே" என்பாள்.

போன மாதம் பாப்பாவின் குரல் கம்மியது. தொண்டையில் ஒரு கட்டி. எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, புண் ஆறும்வரை முணுமுணுக்கவும் கூடாது, பேச்சே கூடாது என்றார் டாக்டர். மகள் ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தாள். முதல் நாளே அதில் 'கேன்சரா இருந்தா?' என்று எழுதினார். மகள் படித்தாள், அழித்தாள், அடுப்பைப் பார்க்கப் போனாள்.

பத்தாம் நாள் டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். "பயப்பட ஒண்ணுமில்லம்மா. சாதாரணக் கட்டிதான். ஆனா இன்னும் நாலு நாள் வாயைத் திறக்காதீங்க."

பாப்பா தலையாட்டினார். பிஸ்கட்டுக்கெல்லாம் ஹையாவை வாரிக் கொடுத்தவர், சொல்ல வேண்டிய அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஓகே. தேங்க்ஸ் டாக்டர்," என்று மகள் எழுந்தாள். லிஃப்ட் வரை விறைப்பாக நடந்தாள். பொத்தானை அழுத்தாமல் நின்றாள். சட்டென்று திரும்பி அம்மாவைக் கட்டிக்கொண்டு, "ஹையா," என்றாள். "ஹையா, அம்மா!"

டாக்டரைப் பார்க்க வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தொழில்முறையில் பார்த்தால் சரியில்லை. 'ஹை' உடைந்துவிட்டது, 'யா' மூக்கில் வந்தது. பாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிலேட்டில் எழுதி மகளிடம் நீட்டினார்.

'ஒன் மோர்.'