ஒரு கட்டுரையைப் பங்கு பிரிக்க மன்னாருக்குப் போனேன்

போன கிழமை நான் மன்னாருக்குப் போனது கடல் பார்க்க அல்ல, விரிவுரையாளர் வேலையைக் காப்பாற்ற. ஒரு பொருளைப் பலருக்கு நியாயமாகப் பங்கிடுவது எப்படி என்பதுதான் என் கணித ஆய்வு. வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் ஒரு கட்டுரையிலாவது என் பெயர் முதலில் வரவேண்டும். கைவசம் இருப்பது ஒன்றே ஒன்று. அதை என்னோடு சேர்ந்து எழுதிய பெனடிக்ற், ஒப்பந்தம் முடிந்து பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு, இப்போது மன்னாருக்குப் பக்கத்தில் தோட்டவெளி என்ற ஊரில் ரியூசன் நடத்துகிறார். "ஆரின்ர பேர் முதல் எண்டு நேரில பிரிப்பம், வாங்கோ" என்றுவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் காலை ஆறரைக்கு பஸ். பூநகரி வழியாக மூன்று மணித்தியாலத்துக்கு மேல். இடப்பக்கம் இருக்காதீர்கள், முழு வெயிலும் முகத்தில்தான். மன்னாரில் இருந்து ஓட்டோவுக்கு அறுநூறு ரூபா கேட்டார்கள். போகும் வழியில், நடுத்தெருவில் கழுதைகள்.

"ஹோர்ன் அடியுங்கோவன்" என்றேன்.

"அடிச்சாலும் எழும்பாதுகள், மிஸ்." சாரதி எஞ்சினை நிறுத்திவிட்டு வெற்றிலை போடத் தொடங்கினார்.

பெனடிக்ற் கதிரை போட்டு, தேத்தண்ணி தந்தார். எங்கள் துறையில் பழைய வழி ஒன்று உண்டு: ஒருவர் வெட்டுவார், மற்றவர் விரும்பிய பங்கை எடுப்பார். மனுசன் கட்டுரையையே இரண்டாக வெட்டி வைத்திருந்தார். ஒன்றில் தேற்றம், மற்றதில் அது சரி என்று காட்டும் நிறுவல்.

"ரெண்டும் எனக்கு ஒரே பெறுமதி. ஒண்டை எடுங்கோ, அதில உங்கட பேர் மட்டும்."

"நிறுவல் இல்லாத தேற்றத்தை ஆர் அச்சடிப்பினம்?"

"ஒருத்தரும் இல்லை. ஆனா பங்கு நியாயம்."

தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு நானும் பேனையை எடுத்து வேறு விதமாக வெட்டினேன். அவர் எடுக்க மாட்டேன் என்றார். பங்கீட்டில் பட்டம் வாங்கிய இரண்டு பேர், மத்தியானம் வரை இதே கூத்து.

கடைசியில் பொறுமை போய்க் கேட்டுவிட்டேன். "உங்களுக்கு இப்ப கம்பஸ் வேலையும் இல்லை. முதல் பேர் என்னத்துக்கு?"

அவர் இரண்டு துண்டையும் திரும்ப ஒன்றாக அடுக்கினார். "நீங்கள் இன்னும் எழுதுவியள். எனக்கு இதுதான் கடைசி."

எனக்கு எரிச்சலும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவருடைய பெயரை முதலில் எழுதிக் கொடுத்துவிட்டு ஓட்டோவுக்குச் சொன்னேன்.

போகிறவர்கள் திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று முன்பே கேட்டு வையுங்கள். தண்ணீர்ப் போத்தல் கட்டாயம். யாரோடாவது சேர்ந்து எழுதுவதென்றால், பெயர் ஒழுங்கை முதல் நாளே பேசி முடியுங்கள். இருவர் உழைத்ததற்கு ஒருவருக்கு மட்டும் வேலை என்று விதி எழுதியவர்கள் மீது எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அடுத்த மாதம் நேர்முகத்துக்கு அவர்கள் முன்னால் போய் நிற்கவேண்டும். ஏன் இரண்டாவது பெயர் என்று கேட்பார்கள். அதற்குக் காட்ட என்னிடம் ஒரு நிறுவலும் இல்லை.