கேக் வந்தால் வாடகை கூடும்

வீட்டுத் தரகு என்றால் வீடு காட்டுவதுதான் வேலை என்று நினைப்பவர்கள், ஒருநாள் என் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி இந்தத் துறைமுகப் பக்கத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். காட்டிய வீட்டில் ஆள் குடியேறிச் சில வருசங்கள் போன பிறகுதான் எங்கள் உண்மையான வேலை தொடங்குகிறது. வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் ஒரே கோயிலில் பூசை காண்பவர்கள், ஒரே சந்தையில் மீன் விலை கேட்பவர்கள். "வாடகையைக் கூட்டித் தாங்கோ" என்று முகத்துக்கு நேரே சொல்ல வீட்டுக்காரருக்கு வாய் வராது. அதனால் என்னை அனுப்புவார்கள்.

அதற்கு ஒரு முறையும் இருக்கிறது. முதல்நாள் வீட்டுக்காரர் வீட்டிலிருந்து ஏதாவது இனிப்புப் போகும். வேதக்காரக் கிறிஸ்தவர் என்றால் கேக், முஸ்லிம்கள் என்றால் வட்டிலப்பம். மறுநாள் நான் போவேன். போவதற்கு முன் வீட்டுக்காரர் என்ன தொகை சொன்னாலும், "இந்தப் பக்கம் இப்ப அதைவிடக் கூடப் போகுது" என்று ஒரு வார்த்தை சொல்லி வைப்பேன். அவர் மனம் குளிரும், என் தரகும் உறுதியாகும். வணக்கம் சொல்வதுபோல அது தானாகவே வாயில் வந்துவிடும்.

வாடகை வீட்டில் இருக்கும் சகோதரங்களே, என்னைத் திட்டாதீர்கள். நானும் உங்கள் கூட்டம்தான். ஓர்ஸ் ஹில்லில் பிலோமினா ரீச்சரின் வளவில், பின்வீட்டில் மனைவி ஜெசிந்தாவோடும் மகளோடும் இருக்கிறேன். முன்வீட்டில் ரீச்சர். எங்கள் ஒப்பந்தம் இந்த வருசத்தோடு முடிகிறது. மகளுக்குப் பள்ளிக்கூடத்து ஓ.எல். சோதனையும் இதே வருசம்தான். பிள்ளை புத்தகங்களைக் கட்டிக்கொண்டு வீடு மாறுகிற நிலைமை வந்துவிடுமோ என்ற பயத்தோடுதான் மற்றவர் வீட்டுப் படலையைத் தட்டிக்கொண்டு திரிந்தேன். அப்படித் திரிந்தபோது வாயடைத்து நின்ற சில இடங்களைத்தான் சொல்லப் போகிறேன்.

தானே பதித்த மாபிள்

துறைமுகத்தில் வேலை செய்யும் ஒருவர் குடியிருந்த வீட்டில் குளியலறைச் சீமெந்து வெடித்துக் கிடந்தது. பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தார். வீட்டுக்காரருக்குப் பட்டினத்தில் ஹாட்வெயார் கடை. விரும்பினால் நீங்களே செய்துகொள்ளுங்கள் என்று பெரிய மனதோடு அனுமதி கொடுத்தார். இவரும் அந்தக் கடையிலேயே மாபிள் வாங்கி, மேசனுக்கும் தானே கூலி கொடுத்து, தரையும் சுவரும் பளபளவென்று பதித்து முடித்தார்.

சில மாதம் போகவில்லை, கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். வாடகையைக் கூட்ட வேண்டுமாம். காரணம் கேட்டேன். மாபிள் பதித்த வீட்டுக்குப் பழைய வாடகை எப்படிக் கட்டுப்படியாகும் என்றார். ஐயா, அதைப் பதித்ததே அந்த மனிசன்தானே, காசையும் உங்கள் கடையில்தானே கொட்டினார் என்று மெல்லச் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசையவில்லை. "ஆர் போட்டாலென்ன தம்பி, மாபிள் ஒட்டியிருக்கிறது என்ர சுவரில எல்லோ."

வெள்ளைக்காரன் கணக்கு

இறக்கக்கண்டியில் கடலுக்குக் கிட்ட ஒரு வீடு. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் ஒரு அம்மா வருசக்கணக்காக இருக்கிறார். பக்கத்து வளவுக்காரர் உல்லாசப் பயணிகளுக்கு அறை விடத் தொடங்கியதும் வீட்டுக்காரருக்கு நித்திரை போய்விட்டது. நீங்கள் மாதம் முழுக்கத் தருவதை வெள்ளைக்காரன் இரண்டு மூன்று இரவிலேயே தந்துவிட்டுப் போகிறான், அதை யோசித்துக் கூட்டித் தாருங்கள் என்று சொல்லச் சொல்லி என்னை அனுப்பினார். இதை எந்த முகத்தோடு சொல்வது என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு போனேன்.

அந்த அம்மா கோபப்படவில்லை. கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, முழுவதையும் கேட்டார். பிறகு கூரையை ஒருக்கால் அண்ணாந்து பார்த்தார். "மாரியில ராவில ஒழுக்குக்கு ஏனம் வைக்கவும் அந்த வெள்ளைக்காரன் எழும்புவாரோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ."

கேட்க விடாத ஹாஜியார்

கட்டைபறிச்சானில் வயல் செய்யும் ஒருவருக்குப் பட்டினத்தில் ஒரு வீடு இருந்தது. அதில் ஒரு புடவைக்கடை ஹாஜியார் குடியிருந்தார். வேறு அலுவலாகப் போன இடத்தில் அந்த வயற்காரர் தன் குடியிருப்பவரைப் புகழ்ந்து தள்ளினார். வருசா வருசம் யாரும் கேளாமலே தானாக வாடகையைக் கூட்டித் தருகிறாராம். இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா என்று எனக்கு நம்பவே ஏலவில்லை.

அடுத்த நாளே ஹாஜியாரைப் போய்க் கண்டேன். அவர் கட்டும் வாடகையைச் சொன்னபோது இன்னொரு அதிர்ச்சி. அத்தனை வருசம் கூட்டியும் ஊரிலே போகிற வாடகையில் பாதிகூட இல்லை. அப்படியானால் ஏன் கூட்டுகிறீர்கள் என்று கேட்டேன். ஹாஜியார் அவசரமில்லாமல் துணியை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார். "அவர் வாயத் திறந்து கேக்கத் தொடங்கினா ஊர் வாடகயயும் விசாரிப்பார் தம்பி. நான் அவரக் கேக்கவே உடுறல்ல."

நத்தார் இல்லாத நாளில்

ஹாஜியார் கதையை வீட்டில் சொன்னதும், அதையே நாங்களும் செய்வோம் என்று ஜெசிந்தா பிடித்துக்கொண்டாள். ரீச்சர் கேட்கும் முன்னமே நாமே போய்க் கொஞ்சம் கூட்டித் தருவதாகச் சொன்னால், பிள்ளையின் சோதனை முடியும்வரை நிம்மதியாக இருக்கலாம். நல்ல யோசனைதான். இன்றைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்று நான் இழுத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் பின்னேரம் வீட்டுக்கு வந்தால் மேசையில் ஒரு தட்டு, தட்டில் கேக். ரீச்சர் கொண்டுவந்து தந்தாராம். நத்தாரும் இல்லை, ஈஸ்டரும் இல்லை, ரீச்சரின் பிறந்தநாளும் இல்லை. மகள் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள். நானும் ஜெசிந்தாவும் அந்தத் தட்டைப் பார்த்தபடி நின்றோம். எந்தத் தரகரை அனுப்பப் போகிறாரோ என்று பட்டினத்தில் உள்ள எல்லாரையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன்.

மறுநாள் ரீச்சர் என்னை முன்வீட்டுக்குக் கூப்பிட்டார். விறாந்தையில் இருத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, தரகர் வேலையாக ஒரு உதவி வேண்டும் என்றார். தன் வளவில் பின்வீட்டில் ஒரு குடும்பம் இருக்கிறதாம், நல்ல ஆட்களாம். கூரை வேலையும் மருந்துச் செலவும் வந்துவிட்டதால் வாடகையைக் கொஞ்சம் கூட்டவேண்டுமாம். "முகத்துக்கு நேர சொல்ல எனக்கு வாய் வராது தம்பி. நீங்கள் போய்ப் பக்குவமாய்ச் சொல்லுங்கோ" என்றார். சிரிப்பாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. எல்லாரும் செய்கிற முறைப்படி அவரும் செய்கிறார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

பிறகு தொகையைச் சொன்னார். நியாயமான தொகை, நாங்கள் பயந்ததைவிடக் குறைவு. ஓம் என்று சொல்லிவிட்டு எழும்பியிருக்க வேண்டும். ஆனால் ஒரு வீட்டுக்காரர் என் முன்னால் இருந்து ஒரு தொகை சொல்லிவிட்டாரே, என் வாய் சும்மா இருக்குமா? "இந்தப் பக்கம் இப்ப அதைவிடக் கூடப் போகுது ரீச்சர்" என்று சொல்லியே விட்டேன்.

சொன்ன பிறகுதான் கட்டப் போகிறவன் நான் என்பது நினைவுக்கு வந்தது. ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்படியா, தனக்குத் தெரியாமல் போய்விட்டதே, எவ்வளவு போகிறது என்று கேட்டார். தரகரிடம் கேட்ட கேள்விக்குத் தரகர் பொய் சொல்ல முடியாது. சொன்னேன். அதையே வைத்துக்கொள்வோம் என்றார். அதோடு, பின்வீட்டுப் பிள்ளைக்குச் சோதனையாம், அது முடிந்தாலும் தான் அவர்களை வீட்டைவிட்டு எழுப்பப் போவதில்லை, அதையும் மறக்காமல் சொல்லச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் பல மாதப் பயம் இறங்கி, என் கண் கலங்கியது.

முன்வீட்டிலிருந்து பின்வீட்டுக்கு நடந்து போனேன். குசினி வாசலில் நின்று ஜெசிந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் வாய் செய்த வேலையையும் மறைக்கவில்லை. அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். பிள்ளைக்கு இடமிருக்கிறது என்று கேட்டதும் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு யாரோ புதிய மனிதரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். "தரகர் ஐயா, எங்கட மனிசன் இப்ப வீட்டில இல்லை. ஊராக்களுக்கு வாடகை கூட்டப் போனவர், அறிவோட திரும்பி வந்தால் சொல்லுறன்."

இத்தனை வருசத் தரகில் வீட்டுக்காரர் கேட்டதற்கும் மேலாக, ஒரு வார்த்தை பேரம் பேசாமல், வாடகை கட்டுகிறவர் ஒரே ஒருவர்தான், அவர் ஓர்ஸ் ஹில்லில் பிலோமினா ரீச்சரின் பின்வீட்டில் குடியிருக்கிறார்.