துவக்கின் பின்பக்கம்

"இந்தப் பிள்ளைக்கு உந்தத் துவக்குகளின்ர வடிவு விளங்குமோ?"

டொக்டர் அங்கிள் இதைத் தன் மனைவியிடம்தான் கேட்டார். நான் கமராப் பையைத் தோளிலிருந்து இறக்காமல் அவருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். அதற்குச் சற்று முன்னர்தான் என் அப்பாவுக்கு என்ன வேலை என்று என்னிடம் விசாரித்திருந்தார். பேக்கரி ஃபக்டரி என்றேன். ஊரில் என்ன செய்தவர் என்றார். தோட்டக் கூலி என்றேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். புகைப்படக்கலையைக் கல்லூரியில் படித்து, நல்ல பெயரோடு வெளியே வந்தவள். அன்றைக்கு எனக்குக் காது சுட்டது. "விளங்காட்டித் திருப்பி அனுப்புங்கோ அங்கிள்" என்றேன். அவர் சிரித்தார். அன்ரி தேத்தண்ணி போட மேலே போனார்.

அது யூனியன்வில்லில் அவர்களுடைய வீட்டு பேஸ்மென்ற், நிலத்தடி அறை. ஈரப்பதத்தை இழுக்கும் மெஷின் ஒன்று ஓயாமல் முனகிக்கொண்டிருக்கும். பூட்டிய இரும்பு அலுமாரிக்குள் அவருடைய துவக்குகள் நின்றன. இரண்டு உலகப் போர்களிலும் யார் யாரோ சுமந்த பழைய ரைபிள்கள். வீட்டில் ஒரு தோட்டாகூடக் கிடையாது. ஊரில் சண்டை தொடங்குமுன்பே மருத்துவம் படிக்க லண்டனுக்குப் போய், அங்கிருந்து ரொறொன்ரோ வந்தவர் அவர். துவக்குகளைப் பற்றி ஒரு புத்தகம் போட ஆசைப்பட்டார். அதற்குப் படம் எடுக்கத்தான் நான்.

அவர் நினைத்ததைவிடச் சீக்கிரம் எனக்கு விளங்கியது. துவக்குக்கு அலங்காரம் கிடையாது. ஒவ்வொரு வளைவும் ஒரு கைக்காக, ஒரு தோளுக்காகச் செதுக்கப்பட்டது. பக்கவாட்டில் ஒரு விளக்கை வைத்தால் வால்நட் மரத்தின் ரேகைகள் ஆற்று நீர் போல ஓடும். கை படும் இடத்தில் மட்டும் மரம் கறுத்திருக்கும், யாருடைய வியர்வை என்று தெரியாத கறுப்பு. ஒருநாள் ஒரு கீறலைக் காட்டி, இதைக் கொஞ்சம் மினுக்கினால் படம் நன்றாக வருமே என்றேன். அங்கிளின் முகம் மாறியது. "காயம்தான் பிள்ளை இதுகளின்ர வடிவு. மினுக்கினால் செத்துப்போம்" என்றார். பிறகு வெள்ளைக் கையுறையைக் கழற்றிவிட்டு, தனக்கு மிகப் பிடித்த த்ரீ நோட் த்ரீ துவக்கைத் தூக்கித் தோளில் பொருத்தி, மரத்தில் கன்னத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் செய்வார்.

என் அப்பாவின் இடது கன்னத்தில் எலும்பு உள்ளே போயிருக்கும். நான் பிறக்குமுன், ஊரில் ஓர் ஆமிச் சோதனைச் சாவடியில் துவக்கின் பின்பக்கப் பிடியால் இடித்தார்கள். அந்தப் பக்கக் காது இன்றைக்கும் சரியாகக் கேட்காது. ரீவியில் துவக்கு வந்தால் அப்பா சத்தமில்லாமல் எழும்பி பல்கனிக்குப் போய்விடுவார். அதனால்தான், டொக்டர் வீட்டில் பழைய சாமான்களைப் படமெடுக்கிறேன் என்று மட்டும் வீட்டில் சொல்லியிருந்தேன்.

எடுத்த படங்களில் மிகச் சிறந்தது அந்த த்ரீ நோட் த்ரீயின் தோளில் பொருந்தும் பின்பக்கத்தை மூடியிருக்கும் பித்தளைத் தகடுதான். மிகக் கிட்டப் போய் எடுத்தேன். படத்தில் துவக்கு இல்லை. இருட்டிலிருந்து எழும்பும் ஒரு பொன் வளைவும், அதில் மெல்லிய கீறல்களும்தான். "இதுதான் அட்டைப்படம்" என்றார் அங்கிள். அதைப் பெரிதாகப் பிரதி எடுத்து, சட்டம் போட்டு எனக்குப் பரிசாகத் தந்தார்.

சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில், எங்கள் வீட்டில் அப்பா அதைக் கையில் வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்ல வடிவாயிருக்கு. பித்தளை என்ன? எந்தக் கோயில் சாமான் பிள்ளை?" என்றார். பழைய சாமான் என்றேன். அவருக்கு அது போதும். சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் தானே ஆணி அடித்து மாட்டினார். வெள்ளிக்கிழமைகளில் அம்மா சாமிக்கு வைக்கும் சந்தனத்தில் ஒரு பொட்டு அந்தச் சட்டத்துக்கும் விழுந்தது. வருகிறவர்களிடம் அப்பா அதைக் காட்டி, "என்ர மகள் எடுத்தது" என்பார். நான் தேத்தண்ணி போட எழும்பிவிடுவேன்.

பனி கொட்டிய ஒரு பின்னேரம் அப்பா வேனை ஓட்டிக்கொண்டு என்னை ஏற்ற வந்தார். அங்கிள் வாசலுக்கு வந்து பேச்சுக்கொடுத்தவர், அப்பாவின் முகத்தைப் பார்த்தபடியே நின்றுவிட்டார். வைத்தியரின் பார்வை அது.

"விழுந்ததோ தம்பி?"

"ஓம் டொக்டர். விழுந்துபோனன்."

அங்கிள் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அந்தத் துவக்கைக் கன்னத்தில் வைத்து நான் காணவில்லை. படம் எடுத்து முடிந்ததும் கையுறையோடு வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவார்.

போன மாரியில் அங்கிள் காலமானார். புத்தகம் முடிந்திருக்கவில்லை. இரண்டு கிழமைக்கு முன் அன்ரி போன் எடுத்தார். புத்தகம் அச்சுக்குப் போகிறதாம். மண்டபம் எடுத்து வெளியீட்டு விழா. அந்தப் படத்தைப் பெரிதாக்கி மேடையில் வைக்கப்போகிறார்கள். "அப்பா அம்மாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா" என்றார். அத்தனை பேருக்கு நடுவில் அப்பா அதைத் தெரிந்துகொள்ள நான் விட முடியாது.

அன்று பின்னேரமே, படத்தில் இருப்பது துவக்கின் பின்பக்கத் தகடு என்று சொன்னேன். அம்மா வாயில் கை வைத்தார். அப்பா எழும்பிப் போய் படத்தின் முன்னால் நின்றார். பல்கனிக்குப் போவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை.

"அண்டைக்கு அவங்கள் இதை இவ்வளவு ஆற அமரப் பாக்க விடேல்லை" என்றார்.

"கழட்டி எறியுங்கோ அதை" என்றார் அம்மா.

"விடு. பிள்ளை எடுத்த படம்." சந்தனப் பொட்டை மட்டும் பெருவிரலால் துடைத்தார். பிறகு படத்தைக் கழற்றி, சாமிப் படங்கள் இல்லாத மற்றச் சுவரோரம் ஒரு கதிரையில் சாத்தி வைத்தார். "வடிவுதான். இல்லையெண்டு சொல்ல ஏலாது" என்றார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

மூன்று நாள் யோசித்துவிட்டு, உங்களை ஒரு படம் எடுக்கவா, புத்தகத்தில் துவக்குப் படத்தோடு சேர்த்துப் போட, என்று அப்பாவைக் கேட்டேன். அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஷேவ் எடுத்துக்கொண்டு வரவோ?" என்றார். வேண்டாம் என்றேன். அவர் படத்தைப் பிடித்துப் பார்த்த அதே யன்னல் பக்கம், தகட்டுக்கு வைத்த அதே கோணத்தில் விளக்கை வைத்தேன். அதே அளவு கிட்டப் போனேன். கமராவுக்குள் அந்தப் பள்ளம் வந்தபோது கண்டுகொண்டேன். அந்த வளைவை நான் முன்பே எடுத்திருந்தேன், பித்தளையில்.

படத்தில் ஒரு சுருக்கத்தையும் நான் திருத்தவில்லை. மினுக்கக் கூடாது என்பது அங்கிள் சொல்லித்தந்தது. உயிரோடு இருந்திருந்தால் இந்தப் படத்தின் முன் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை. வாசலில் நின்றதுபோலச் சும்மா நின்றிருப்பாரோ என்னவோ.

இன்று காலை இரண்டு படங்களையும் அன்ரிக்கு அனுப்பினேன். முன் அட்டையில் தகடு, பின் அட்டையில் அப்பா. இரண்டும் போவதென்றால் போகட்டும், ஒன்று மட்டும் போக நான் சம்மதிக்க மாட்டேன் என்று கீழே எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் அப்பா அடித்த ஆணி வெறுமையாக நிற்கிறது.