துடைத்துக் கொண்டுபோன மூக்கு

எங்கள் மகனுக்கு அப்போது ஏழு மாதம். ஜூன் மழை தொடங்கி ஒரு வாரம் ஆகியிருக்காது, இருமலும் இழுப்பும் வந்துவிட்டது. முந்தின மாதம்தான் காய்ச்சலென்று ஆஸ்பத்திரியில் கிடந்தான். நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் குத்திப் பார்த்துவிட்டுக் கடைசியில் தலையில் ஊசி ஏற்றினார்கள். "இன்னொரு தடவை அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்ல" என்று மனைவி சொல்லிவைத்திருந்தாள்.

டாக்டர் மூச்சை எண்ணிப் பார்த்தார். "மூச்சு பரவாயில்லை. புதுசா ஒரு டெஸ்ட் வந்திருக்கு, ரத்தம் வேண்டாம், இருபது நிமிஷத்துல தெரிஞ்சிரும். வைரஸ்னா ஊசி வேண்டாம். இல்லேன்னா அட்மிட் பண்ணி ஊசி தொடங்கணும்" என்றார். மருந்துச் சீட்டில் ஊசியின் பெயரை எழுதியும் வைத்துக்கொண்டார்.

நான் பணம் கட்டித் திரும்புவதற்குள் மனைவி பிள்ளையின் மூக்கை ஈரத்துணியால் துடைத்து, பவுடரும் பூசிவிட்டாள். ஒழுகுகிற மூக்கோடு பிள்ளையை நாலு பேர் முன்னால் கொண்டுபோனால் வளர்த்த லட்சணம் தெரிந்துவிடும் என்பது அவள் கட்சி.

லேபில் இருந்த பெண் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "என்ன அண்ணாச்சி, எனக்கு வேண்டியதைத் துடைச்சுக் களைஞ்சிட்டு வந்திருக்கீங்க. இந்த டெஸ்டுக்குச் சளியல்லே வேணும்?"

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பெண் மூக்கில் இரண்டு சொட்டு உப்புநீர் விட்டுச் சின்னக் குழாயால் உறிஞ்சினாள். பிள்ளை வீறிட்டான். "அழட்டும், அழுதா நல்லா கிட்டும்" என்றாள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போயிற்று. அதற்கப்புறம் நிறைய இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

தீப்பெட்டி அகலத்தில் ஓர் அட்டை. அதில் ஒரு கோடு என்றால் வைரஸ் இல்லை, இரண்டு என்றால் உண்டு. பிள்ளைக்கு நோய் இருக்கவேண்டும் என்று சாமியைக் கும்பிட்ட தகப்பன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

இரண்டு கோடு.

டாக்டர் ஊசியின் பெயரை ஒரே இழுப்பில் அடித்தார். பால் குடிக்காவிட்டாலோ, நெஞ்சு குழிந்து மூச்சு வாங்கினாலோ உடனே தூக்கிவரச் சொன்னார்.

"அப்போ ஊசி?" என்றாள் மனைவி.

"வேண்டாம்."

"ஒண்ணுகூட?"

"உங்களுக்கு வேணும்னா ஒண்ணு போட்டுவிடலாம்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஓர் அம்மாளிடம், "எங்க பிள்ளைக்கு வைரஸ்தானாம்" என்று மனைவி பல் தெரியச் சொன்னாள். அந்த அம்மாள் பாவமாகப் பார்த்துவிட்டுத் தன் பிள்ளையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள்.